போட்டியாளரைப் பற்றித் தகவல் வாங்குவது: யாரிடம், எப்படி?

கோயம்புத்தூரில் நீர்மூழ்கி மோட்டார் பம்ப் செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தெலங்கானாவில் அதன் விற்பனை தொடர்ந்து இறங்குகிறது. நேற்றுவரை அதன் சரக்கைக் கடை முகப்பில் வைத்திருந்த டீலர்கள் இப்போது அங்கே வேறொரு பிராண்டை வைக்கிறார்கள். விலைதான் காரணம் என்கிறார் விற்பனை மேலாளர். விலை இல்லை, அவர்கள் கொடுக்கும் கடன் நாள் அதிகம் என்கிறார் ஏரியாவைப் பார்க்கும் ஆள். போர்வெல் மெக்கானிக்குகளுக்கு அவர்கள் தனியாக ஏதோ ஸ்கீம் வைத்திருப்பதாகக் கடைக்காரர் ஒருவர் சொன்னார் என்பது மூன்றாவது கதை. முதலாளி முடிவெடுத்தாக வேண்டும். விலையைக் குறைப்பதா, கடனை நீட்டுவதா, புது மாடல் இறக்குவதா? மூன்றுக்குமே பணம் வேண்டும். தவறான ஒன்றில் போட்டால் அந்த வருஷ லாபம் போய்விடும். இப்படிப்பட்ட நேரத்தில்தான் போட்டித் தகவல் நிறுவனங்களை ஒரு கம்பெனி தேடத் தொடங்குகிறது.

போட்டியாளர்களைப் பற்றிய தகவலைத் திரட்டி, பகுத்து, முடிவெடுப்பவர் கையில் கொடுப்பது அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. லெனார்ட் ஃபுல்ட் தன் நிறுவனத்தை 1979இல் தொடங்கினார். ஹார்வர்டின் மைக்கேல் போர்ட்டர் போட்டி உத்தி பற்றிய தன் புத்தகத்தை 1980இல் வெளியிட்டார். சிஐஏவில் பணியாற்றிவிட்டு வந்த ஜான் ஹெரிங், 1980களில் மோட்டரோலாவுக்குள் முறையான தகவல் பிரிவு ஒன்றை அமைத்தார். இத்துறையினரின் சங்கமான ஸ்கிப் 1986இல் பிறந்தது. 2000க்குப் பிறகு இந்த வேலையில் கணிசமான பங்கு குருகிராமுக்கும் பெங்களூருவுக்கும் மும்பைக்கும் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. மேலை நாட்டுக் கம்பெனிகளுக்காக அவற்றின் போட்டியாளர்களை அலசி எழுதிக்கொடுக்கும் இளைஞர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நம் ஊர்த் தொழிலதிபர் இதே சேவையைத் தனக்காக வாங்கப் போகும்போது, எதைப் பார்த்து வாங்குவது என்று எடுத்துச் சொல்ல ஆள் குறைவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை நாடுகளில் அலுவலகம், எவ்வளவு நீளமான வாடிக்கையாளர் பட்டியல், திரையில் எத்தனை வண்ண வரைபடம் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். “இந்தத் தகவல் உங்களுக்கு எந்த வழியில் கிடைக்கும்?” என்ற கேள்விக்கு ஒரு நிறுவனம் சொல்லும் பதில்தான் அதன் தரத்தைக் காட்டும். பின்னால் நமக்கு வரக்கூடிய வில்லங்கத்தையும் அதுவே காட்டும். கடந்த கால் நூற்றாண்டில் இத்துறையில் வெடித்த பெரிய விவகாரங்கள் பலவற்றில், பணம் கொடுத்தவர்கள் இந்த ஒரு கேள்வியை உரிய நேரத்தில் கேட்கவில்லை.

வெளியாரைக் கூப்பிடும் முன் நாமே செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. ஹெரிங் வகுத்த முறையில் முதல் படி, கம்பெனியின் தலைமையிடம் உட்கார்ந்து பேசுவது. அடுத்து எடுக்கப்போகும் முடிவுகள் எவை, எந்த ஆபத்து முன்கூட்டியே தெரிய வேண்டும், எந்த ஆட்டக்காரரைப் பற்றி ஆழமாகத் தெரிய வேண்டும் என்று மூன்று வகையாக அவர் கேள்விகளைப் பிரித்தார். “போட்டியாளரைப் பற்றி எல்லாம் வேண்டும்” என்று கேட்பவருக்கு நூறு பக்க ரிப்போர்ட் வரும், அதில் ஒரு பக்கம்கூட உதவாது. “தெலங்கானாவில் 5 குதிரைத்திறன் மோட்டாரில் நாம் டீலரை இழப்பதற்குக் காரணம் விலையா, கடனா, மெக்கானிக்கா? ஜூனுக்குள் தெரிய வேண்டும்” என்று கேட்பவருக்குப் பத்துப் பக்கம் போதும். கேள்வியைக் கூர்மையாக்காமல் கொட்டேஷன் வாங்கினால் ஐந்து நிறுவனங்களிடமிருந்து ஐந்து வெவ்வேறு பொருளுக்கான விலைதான் வரும். அவற்றை ஒப்பிடவே முடியாது.

இரண்டாவது வேலை, பொதுவெளியில் கிடைப்பதை எல்லாம் முதலில் எடுத்துவிடுவது. இதில் நம் தொழில்முனைவோர் பலர் பெரும் செல்வத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போட்டியாளர் பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், அதன் ஆண்டுக் கணக்கு கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் தளத்தில் இருக்கும். ஒரு கம்பெனியின் ஆவணங்களைப் பார்வையிடக் கட்டணம் 100 ரூபாய். லாப நட்டக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடமானப் பதிவு. எந்த வங்கியில், எந்தத் தேதியில், எந்தச் சொத்தை ஈடு வைத்து எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்பது அதில் இருக்கும். புது மெஷின் வாங்கக் கடன் பதிவானால், அடுத்த வருஷம் உற்பத்தி கூடப்போகிறது என்று ஊகிக்கலாம். இந்த வழிக்கும் எல்லை உண்டு. மார்ச்சில் முடியும் கணக்கு, பொதுக்குழு நடந்து பதிவேறும்போது அக்டோபர் ஆகிவிடும். எதிராளி கூட்டு வணிகமாகவோ தனிஉரிமையாகவோ இருந்தால் இந்தக் கதவே கிடையாது. கோவைப் பகுதியில் அப்படி இயங்கும் பட்டறைகள் ஏராளம்.

தர மதிப்பீட்டு நிறுவனங்களின் குறிப்புகள் இன்னொரு சுரங்கம். வங்கிக் கடனுக்காகக் கிரிசில், இக்ரா, கேர் போன்றவற்றிடம் மதிப்பீடு வாங்கும் கம்பெனிகளைப் பற்றி, அந்த மதிப்பீட்டுக்கான காரணங்கள் இரண்டு மூன்று பக்கத்தில் இலவசமாக வெளியாகின்றன. பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனிகளும் இதில் உண்டு. ஒரு குறிப்பை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். விற்பனையில் எந்த மாநிலம் அதிகம், ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கிறார்களா, வர வேண்டிய பணம் எத்தனை நாளில் வருகிறது, செம்பு விலை ஏறினால் லாபம் எவ்வளவு அடி வாங்கும், விரிவாக்கத் திட்டம் என்ன என்று பல சங்கதிகள் அதில் இருக்கும். நம் உதாரணத்தில் “கடன் நாள் அதிகம்” என்று ஏரியாக்காரர் சொன்னாரே, அது உண்மையா என்பதற்கான பாதி பதில் இங்கேயே கிடைக்கக்கூடும். நிலுவை நாட்கள் இரண்டு ஆண்டுகளில் ஏறியிருந்தால், அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கம்பெனி ஒத்துழைக்கவில்லை என்ற அடைமொழியோடு வரும் மதிப்பீடுகளை மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டும். அவை பழைய தகவலின் மேல் நிற்பவை.

இவை தவிர, ஐஎஸ்ஐ முத்திரை உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, எந்த முகவரித் தொழிற்சாலைக்கு என்பதைப் பிஐஎஸ் தளத்திலும் செயலியிலும் சரிபார்க்கலாம். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் ஏலம் முடிந்ததும் யார் யார் கலந்துகொண்டார்கள், என்ன விலை போட்டார்கள் என்பது தெரியும். 2019இல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தில் சோலார் பம்ப் விற்பவர்களுக்கு டெண்டர் முடிவுகளே விலைப் பட்டியல் மாதிரி. சக்தி பம்ப்ஸ், கேஎஸ்பி, கிர்லோஸ்கர் பிரதர்ஸ் போன்ற பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் முதலீட்டாளர்களோடு நடத்தும் கலந்துரையாடல்களின் எழுத்துப் பிரதிகள் பங்குச் சந்தைத் தளங்களில் உள்ளன. வர்த்தக முத்திரைப் பதிவகத்தில் போட்டியாளர் புதுப் பெயருக்கு விண்ணப்பித்ததைப் பார்த்தால் அடுத்து வரும் மாடலை முன்கூட்டியே உணரலாம். திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவர் பக்கத்துத் தெருக் கம்பெனி அமெரிக்காவில் எந்தப் பையருக்கு அனுப்புகிறது என்று அறிய விரும்பினால், அந்த நாட்டின் கப்பல் சரக்குப் பட்டியல் விவரங்கள் அங்கே சட்டப்படியே பொதுவில் கிடைக்கின்றன. ரகசியம் காக்கும்படி இறக்குமதியாளர் கேட்டுக்கொண்டிருந்தால் அவர் பெயர் மட்டும் அதில் இருக்காது.

இதையெல்லாம் ஒரு கணக்குப் பட்டதாரி சில வாரங்களில் திரட்டிவிடலாம். வெளி நிறுவனம் கொடுக்கும் முன்மொழிவில் பாதிக்கு மேல் இதே விவரங்கள் இருந்தால், நாம் ஆள் பற்றாக்குறைக்குத்தான் பணம் கட்டுகிறோம். அது தப்பில்லை, ஆனால் அதற்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும். இந்த ஆவணங்கள் சொல்லாத ஒன்று உண்டு: ஏன்? டீலர் ஏன் மாறினார், மெக்கானிக் ஏன் அந்த மோட்டாரைச் சிபாரிசு செய்கிறார் என்பது எந்தத் தளத்திலும் பதிவாவதில்லை. அதிக விலை கொடுக்க வேண்டியது அந்தப் பதிலுக்குத்தான்.

சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் ஒரே ரகமல்ல. பாஸ்டனின் க்ரேயான், வான்கூவரின் க்ளூ போன்றவை மென்பொருள் கருவிகள். போட்டியாளரின் இணையதளம், விலைப் பக்கம், வேலை விளம்பரம், செய்தி எல்லாவற்றையும் கண்காணித்து, மாற்றம் வந்தால் சொல்பவை. இந்தியாவில் கான்டிஃபை இதே வழியில் இயங்குகிறது. மென்பொருள் விற்கும் சென்னைக் கம்பெனிக்கு இவை மிகப் பொருத்தம். அங்கே போட்டி நடப்பதே இணையத்தில்தான். இணையதளத்தை வருஷக்கணக்கில் தொடாத பவுண்டரிக்காரரைக் கண்காணிக்க டாலரில் ஆண்டுச் சந்தா கட்டுவது வீண் என்பது என் தீர்மானமான எண்ணம். புதுத் தொழில்களில் யார் எவ்வளவு முதலீடு வாங்கினார்கள் என்று பார்க்கப் பெங்களூருவின் டிராக்ஸன், சென்னையின் வெஞ்சர் இன்டெலிஜென்ஸ் போன்ற தரவுத்தளங்கள் இருக்கின்றன. அந்த வேலைக்கு அவை போதும்.

அச்சடித்த மாதிரி எல்லோருக்கும் ஒரே ரிப்போர்ட் விற்கும் நிறுவனங்கள் அடுத்த ரகம். உலகச் சந்தை இத்தனை பில்லியன் டாலர், இத்தனை சதவீதம் வளரும் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுவார்கள். இவற்றில் நல்லவையும் உண்டு, தொழிலை ஒருநாளும் தொடாதவர்கள் பழைய ரிப்போர்ட்டில் எண்ணை மாற்றி எழுதியவையும் உண்டு. பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. முழு ரிப்போர்ட்டை வாங்கும் முன், ஒரே ஒரு எண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். இந்தியாவில் நீர்மூழ்கி பம்ப் சந்தை இவ்வளவு என்றால், எத்தனை தயாரிப்பாளர்களிடம் பேசினார்கள், பதிவு செய்யாத பட்டறைகளின் உற்பத்தியை எப்படிச் சேர்த்தார்கள், ரீவைண்டிங் செய்து மறுபடி ஓடும் மோட்டார்களை என்ன செய்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறுபவருக்கு நம் சந்தை தெரியாது.

மூன்றாவது ரகம் நிபுணர் வலைப்பின்னல். ஒரு துறையில் வேலை பார்த்தவரோடு மணிக்கணக்கில் பேச ஏற்பாடு செய்து தருவார்கள். 1998இல் தொடங்கிய ஜிஎல்ஜி இதில் முன்னோடி. சரியான ஆள் கிடைத்தால் ஒரு மணி நேரப் பேச்சு ஆறு மாத ஆய்வுக்குச் சமம். ஆபத்தும் அதே அளவு உண்டு. கலிஃபோர்னியாவின் பிரைமரி குளோபல் ரிசர்ச் என்ற வலைப்பின்னல் வழியாகக் கம்பெனி ரகசியங்கள் பங்கு வர்த்தகர்களுக்குப் போனதை அமெரிக்க அரசு வழக்காக்கியது. 2010 முதல் பலர் கைதாகித் தண்டனை பெற்றார்கள். சீனாவில் 2023 மே மாதம் கேப்விஷன் என்ற வலைப்பின்னலின் அலுவலகங்களில் தேசியப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மின்ட்ஸ் குழுமம் என்ற விசாரணை நிறுவனத்தின் பெய்ஜிங் அலுவலகத்தில் உள்ளூர் ஊழியர்கள் ஐந்து பேர் பிடித்துச் செல்லப்பட்டிருந்தார்கள். திருத்தப்பட்ட உளவு எதிர்ப்புச் சட்டம் அங்கே அதே ஆண்டு ஜூலை 1இல் அமலுக்கு வந்தது. சோலார் கன்ட்ரோலரோ காந்தமோ தரும் சீனக் கம்பெனியைப் பற்றி விசாரிக்கச் சொல்லும் நம் ஊர்க்காரருக்கும் இது தொடர்புள்ள சங்கதி. அங்கே விசாரிக்கப் போகும் ஆளின் பாதுகாப்பு பற்றி ஏஜென்சி என்ன யோசித்திருக்கிறது என்று கேட்காமல் வேலை கொடுக்கக் கூடாது.

கடைசியாக, நமக்கென்றே களத்தில் இறங்கி விசாரித்துத் தரும் நிறுவனங்கள். நம் கோவைக் கம்பெனிக்குத் தேவை இவர்கள்தான். தேர்வு மிகக் கடினமாக இருப்பதும் இங்கேதான்.

தகவல் வந்த வழி என்ற விஷயத்துக்கு இப்போது வருகிறேன். செயலிகளின் பதிவிறக்கம், வருமானம் பற்றிய மதிப்பீடுகளை விற்ற ஆப் ஆனி என்ற நிறுவனத்தின் மேல் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் மோசடிக் குற்றம் சாட்டியது. உங்கள் தரவை மற்றவர்களுடையதோடு கலந்து, அடையாளம் நீக்கித்தான் பயன்படுத்துவோம் என்று செயலிக் கம்பெனிகளிடம் உறுதி சொல்லித் தரவை வாங்கியிருந்தார்கள். ஆணையம் சொன்னபடி, 2014 முதல் 2018 நடுப்பகுதிவரை அடையாளம் நீக்காத அசல் எண்களை வைத்தே மதிப்பீடுகளைத் திருத்தினார்கள். தரவு முறைப்படி பெறப்பட்டது என்று நம்பித்தான் வாடிக்கையாளர்கள் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுவனமும் அதன் நிறுவனரும் ஒரு கோடி டாலருக்கு மேல் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

அவாஸ்ட் கதை இதைவிட வலிக்கிறது. தம் கணினியைப் பாதுகாக்கும் என்று நம்பி அவாஸ்டின் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் போட்டவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் பெரிய கம்பெனிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் அதை வெளிக்கொண்டு வந்ததும் ஜம்ப்ஷாட் இழுத்து மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்டுக்கு 1.65 கோடி டாலர் விதித்தது. தம் போட்டியாளரின் இணைய வியாபாரத்தை அந்தத் தரவை வைத்து அளந்துகொண்டிருந்தவர்களுக்கு அளவுகோலே காணாமல் போனது. வழி சரியில்லாத தகவல் ஒழுங்குக்கு விரோதம் என்பதோடு, நம்பித் திட்டம் போடவும் லாயக்கில்லாதது.

இன்னொரு வகைச் சிக்கல், போட்டியாளரே தகவலைக் கொடுக்கும் ஏற்பாடு. அமெரிக்காவில் கோழி, பன்றி, வான்கோழி இறைச்சிக் கம்பெனிகளிடம் விலை, செலவு, உற்பத்தி விவரங்களை வாங்கித் தொகுத்து, அந்தக் கம்பெனிகளுக்கே திருப்பி விற்ற அக்ரி ஸ்டாட்ஸ் நிறுவனத்தின் மேல் 2023 செப்டம்பரில் நீதித்துறை வழக்குத் தொடுத்தது. போட்டி போட வேண்டியவர்கள் ஒரே இடத்தில் எண்களைப் பகிர்ந்துகொண்டால் விலையை ஏற்றி வைக்க வழி பிறக்கிறது என்பது அரசின் வாதம். நம் நாட்டிலும் போட்டிச் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தம், விலைக் கூட்டணிக்கு நடுவில் நின்று உதவும் மூன்றாம் தரப்பையும் பொறுப்பாக்குகிறது. “உங்கள் எண்ணை எங்களுக்குக் கொடுங்கள், மற்ற ஐந்து கம்பெனி எண்ணையும் உங்களுக்குத் தருகிறோம்” என்று எந்த ஏஜென்சியாவது சொன்னால், வக்கீலைக் கேட்காமல் தலையாட்டக் கூடாது.

களத்தில் விசாரிக்கும் ஆட்களின் வழிமுறை இவை எல்லாவற்றையும்விடக் கண்ணுக்கு மறைவானது. 2001இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நியமித்த தகவல் திரட்டுநர்கள், யூனிலீவரின் சிகாகோ அலுவலகத்துக்கு வெளியே கிடந்த குப்பையைக் கிளறி ஷாம்பு வகைகள் பற்றிய தாள்களை எடுத்தார்கள். விஷயம் தெரிந்ததும் பி அண்ட் ஜி தலைமை தானே யூனிலீவரிடம் போய்ச் சொன்னது. சட்டத்தை மீறவில்லை, ஆனால் எங்கள் சொந்தக் கொள்கையை மீறிவிட்டோம் என்றது. சமரசத் தொகை ஒரு கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. 2006இல் ஹியூலெட் பேக்கார்டில் நடந்தது போட்டியாளர் விசாரணை அல்ல, இயக்குநர் குழுவிலிருந்து செய்தி கசிந்தது யாரால் என்ற தேடல். ஆனாலும் பாடம் இதே தொழிலுக்குரியது. கம்பெனி ஒருவரை நியமித்தது, அவர் வேறொருவரை நியமித்தார், கடைசியில் இருந்தவர்கள் ஆள்மாறாட்டம் செய்து இயக்குநர்கள், பத்திரிகையாளர்களின் தொலைபேசிப் பதிவுகளை வாங்கினார்கள். கலிஃபோர்னியா மாநிலத்துடன் ஹெச்பி 1.45 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. குழுத் தலைவர் பதவியை இழந்தார். கடைசிக் கை செய்த காரியத்துக்கு முதல் கை பதில் சொல்ல வேண்டி வந்தது.

நம் ஊரில் இது எப்படி நடக்கும்? தாராபுரத்தில் ஒரு பம்ப் கடைக்காரருக்குப் போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “வணக்கமுங்கண்ணா, நான் காலேஜ்ல எம்பிஏ படிக்கறேனுங்க. ப்ராஜெக்ட்டுக்காக ரெண்டு கேள்வி கேக்கணுமுங்க.” கடைக்காரர் மனசு இளகி, “கேளு தம்பி” என்பார். நாலாவது கேள்வியில் பிராண்டு வாரியாக எத்தனை சதவீதம் கழிவு, வருஷக் கடைசி ஸ்கீமில் என்ன வருகிறது என்று வந்து நிற்கும். படிக்கிற பையனுக்கு உதவுவதாக நினைத்து அவர் சொல்லிவிடுவார். இது பரவலாகத் தெரிந்த குறுக்குவழி, எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஒருவரின் நல்ல மனசைத் திருடுவது இது. விசாரிக்கும் முன் தான் யார், எந்த நிறுவனம் என்பதைச் சொல்ல வேண்டும் என்று ஸ்கிப்பின் நெறிமுறையே கேட்கிறது. யாருக்காகச் செய்கிறோம் என்ற வாடிக்கையாளர் பெயரை வெளியிடாமல் வைத்துக்கொள்வது வழக்கத்தில் உள்ளதுதான். “நான் இன்ன ஆய்வு நிறுவனத்திலிருந்து பேசுகிறேன், பம்ப் தொழிலில் உள்ள ஒரு கம்பெனிக்காகக் கேட்கிறேன், பெயர் சொல்ல இயலாது, விருப்பம் இல்லாததற்குப் பதில் சொல்ல வேண்டாம்” என்று தொடங்குபவரிடமும் டீலர்கள் பேசத்தான் செய்வார்கள். தம் குறைகளைக் கேட்க ஆள் கிடைப்பது அவர்களுக்கும் அபூர்வம். இப்படிக் கிடைக்கும் பதில் நேரடியான கழிவு எண்ணைத் தராமல் போகலாம், ஆனால் காரணத்தைத் தரும். நமக்கு வேண்டியதும் காரணம்தானே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, தொலைத்தொடர்புக் கருவி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு மூன்று ஆண்டுவரை சிறை சொல்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த வழிமுறையை நேரில் பார்க்க எனக்குத் தெரிந்த சிறந்த சோதனை ஒன்று உண்டு. இறுதிச் சுற்றுக்கு வந்த இரண்டு நிறுவனங்களுக்கும் கட்டணம் கொடுத்து ஒரு சிறு வேலையைக் கொடுங்கள்: உங்கள் கம்பெனியைப் பற்றியே விசாரிக்கச் சொல்லுங்கள். விடை நமக்குத் தெரிந்த கேள்வி என்பதால் ரிப்போர்ட் எவ்வளவு சரி என்பது உடனே தெரியும். உங்கள் மாத உற்பத்தியை அவர்கள் எவ்வளவு என்று கணித்தார்கள், எந்த ஆவணத்திலிருந்து, தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதினார்களா, ஊகத்தையும் கேட்டதையும் பிரித்துக் காட்டினார்களா என்று வரி வரியாகப் பார்க்கலாம். உங்கள் டீலர்களுக்கும் பழைய ஊழியர்களுக்கும் போன் போகும். யார் பேசினார், என்னவென்று அறிமுகப்படுத்திக்கொண்டார் என்பது அவர்கள் வாயிலாக உங்கள் காதுக்கு வந்துவிடும். காலேஜ் பையன் வேஷம் போட்டிருந்தால் அந்த நிறுவனத்தை அங்கேயே விலக்கிவிடலாம். இன்னொரு லாபம், நம் வீட்டுக் கதவுகளில் எது திறந்து கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். விலைப் பட்டியல் டீலர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது, ஊழியர்கள் லிங்க்ட்இன்னில் புதுத் திட்டத்தின் பெயரைப் போட்டிருப்பது எல்லாம் வெளியே வரும். இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளத் தயங்கும் நிறுவனத்திடம் பெரிய வேலையைக் கொடுக்க வேண்டாம்.

சட்டத்தில் இந்தியாவுக்கே உரிய ஒரு வேகத்தடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இறக்குமதி ஏற்றுமதி விவரம் விற்பவர்கள் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்தார்கள். இன்ன கம்பெனி இன்ன சரக்கை இன்ன விலைக்கு இறக்கியது என்று பில் வாரியாகக் கிடைத்தது. 2022 நிதிச் சட்டம், சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கின் மதிப்பு, வகைப்பாடு, அளவு, சம்பந்தப்பட்டவரின் விவரம் ஆகியவற்றை அனுமதியின்றி வெளியிடுபவருக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இன்றும் இந்தியச் சுங்க விவரம் முழுசாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். வணிக ரகசியங்களுக்கென்று இங்கே தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289ஆவது அறிக்கையில் வரைவோடு பரிந்துரைத்திருக்கிறது. அது சட்டமாகும்வரையிலும் ஒப்பந்த மீறல், நம்பிக்கைத் துரோகம் என்ற வழிகளில் நீதிமன்றங்கள் இதைக் கையாள்கின்றன. போட்டியாளரிடம் இப்போது வேலை பார்ப்பவரை வளைத்துத் தகவல் வாங்கும் ஏஜென்சி, நம்மையும் அந்த வழக்கில் இழுத்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு புதுக் கவலை ஒன்று சேர்ந்திருக்கிறது. ஒரு நாளில் எழுபது பக்க ரிப்போர்ட் எழுதிவிடலாம், படிக்கவும் நன்றாக இருக்கும். ஆஸ்திரேலிய அரசுக்கு டெலாய்ட் கொடுத்த சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் அறிக்கையில், இல்லாத ஆய்வுகளும் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து எடுத்ததாகச் சொன்ன இல்லாத வாசகமும் இருந்தது தெரியவந்து, 2025 அக்டோபரில் கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய பெயருக்கே இது நடக்கும் என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கருவிகளை ஏஜென்சி பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நூறு டெண்டர் ஆவணங்களைப் படித்துச் சுருக்க அவை நன்றாக உதவும். ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் அது எந்த ஆவணம், எந்தத் தேதி, எந்த வகை ஆளிடம் கேட்டது என்று குறிக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நாம் கொடுக்கும் நம் உள்விவரங்களை அவர்கள் எந்தப் பொதுக் கருவியிலும் போடக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம்.

ஏஜென்சி நம் போட்டியாளருக்கும் வேலை செய்கிறதா என்ற கேள்வியைப் பலர் கூச்சத்தால் கேட்பதில்லை. பம்ப் தொழில் தெரிந்த ஏஜென்சி என்றால் அதில் ஏற்கெனவே யாருக்காவது வேலை செய்திருக்கும். தொழில் அறிவு வேண்டும், எதிராளியின் ஆளாகவும் இருக்கக் கூடாது என்பது உண்மையான இக்கட்டு. ஓராண்டுக்கு நேர் எதிரிகளுக்கு இதே கேள்வியில் வேலை எடுக்க மாட்டோம் என்று எழுதித் தரச் சொல்வதும், வேலை பார்க்கும் குழுவின் ஆட்கள் வேறாக இருக்க வேண்டும் என்பதும் நியாயமான நடுவழி. நேர்காணலில் அவர்கள் பழைய வாடிக்கையாளரின் ரகசியத்தைப் பெருமையாகச் சொன்னால், நாளை நம்முடையதும் அப்படித்தான் போகும்.

ஒப்பந்தத்தில் துணை ஒப்பந்ததாரர் பற்றிய ஷரத்தை நான் முதலில் பார்ப்பேன். நம் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வேலையை வேறு கைக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் அவர்களும் அதே நெறிமுறையில் கையெழுத்திட வேண்டும். விசாரணைக் குறிப்புகளை, பேசியவர்களின் பெயரை மறைத்தாவது, நாம் கேட்டால் காட்ட வேண்டும். கட்டணத்தைக் கண்டுபிடிப்புக்கு ஏற்ப வைப்பது பெரிய ஆபத்து. “அவர்களின் காஸ்டிங் ஷீட் கிடைத்தால் இத்தனை லட்சம்” என்று பேசினால், அதைத் திருடச் சொல்லி நாமே கூலி பேசியதாகிவிடும். உழைப்புக்கும் நேரத்துக்கும் கட்டணம் வைத்து, கடைசித் தவணையை ரிப்போர்ட் வந்த பிறகு நடக்கும் நேர் சந்திப்போடு இணைப்பது நல்லது. அந்தச் சந்திப்புக்கு விற்பனைப் பேச்சு பேசியவர் மட்டும் வந்தால் போதாது, கரீம்நகரிலும் வாரங்கலிலும் கடை கடையாக ஏறி இறங்கியவர்களும் வர வேண்டும். நம் பக்கத்தில் விற்பனை மேலாளரும் ஏரியா ஆளும் எதிரே உட்கார்ந்து, கடன் நாளா மெக்கானிக் ஸ்கீமா என்று அவர்களிடமே நேராகக் கேட்கட்டும். எந்த டீலர் தயங்கினார், எந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள், எது ஒருவர் மட்டும் சொன்னது என்பது தாளில் முழுதாக வருவதில்லை. அந்தப் பேச்சு முடிந்த பிறகு காசோலையில் கையெழுத்துப் போடலாம்.